மறுமொழி: இரண்டு மணித்தியாலம் அவிஞ்சும் ஆட்டிறைச்சி இளகேல்ல

தங்கச்சி, பல்லு ஏலாத அம்மாவுக்கு எண்டு தொடை இறைச்சி வாங்கி, பெரிய நெருப்பில இரண்டு மணித்தியாலம் வச்சும் இறுகிப்போச்சு, தேங்காய்ப்பாலும் திரைஞ்சுபோச்சு எண்டு எழுதியிருக்கிறீங்கள். பிழை நெருப்பில. தளதளவெண்டு கொதிச்சால் சதை சுருங்கித் தண்ணியைக் கக்கிவிடும். சவ்வு கரைய மெல்லிய சூடும் நேரமும் வேணும்.

கிளிநொச்சிச் சந்தையில முன்னங்கால், கழுத்து எண்டு கேட்டு வாங்குங்கோ. தொடையில சவ்வு குறைவு, கெதியாக் காயும். 1 கிலோவுக்கு உப்பு 2 தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, வறுத்த கறித்தூள் 3 மேசைக்கரண்டி பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கோ. மண்சட்டியில சின்ன வெங்காயம் 200 கிராம், உள்ளி 10 பல்லு, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை இலை வதக்கி இறைச்சியைப் போடுங்கோ. அது விடுற தண்ணி முக்கால்வாசி வத்தட்டும். அதுக்குப் பிறகு 2 கப் சுடுதண்ணி. பச்சைத்தண்ணி ஊத்தினால் சூடு இறங்கி, அவியுறது தடைப்படும்.

இனி விறகை இழுத்துத் தணலில மூடி விடுங்கோ. குமிழி ஒண்டொண்டா எழும்பினால் அதுதான் பதம். ஒண்டரை மணித்தியாலத்தில, எலும்பு நுனியில சதை பின்வாங்கி நிக்கும். அகப்பையால அமத்தினால் பிரியும். கிழட்டு ஆடெண்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுங்கோ.

தேங்காய் முதற்பால் அரைக் கப் கடைசியில, மூடாமல், 5 நிமிசம், கொதிக்காமல். தேசிக்காய்ப்புளி, சட்டியை இறக்கி ஆறவிட்ட பிறகுதான். புளி சூட்டோட சேர்ந்தால் பால் திரையும். அம்மாவுக்குப் பிட்டைக் குழம்பில ஊற வச்சுக் குடுங்கோ.