ரெவிட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது நாமே செய்த கதவு, சன்னல் ஃபேமிலிகளைக் கெடாமல் கொண்டுபோவது எப்படி?

கேட்டிருப்பது இதுதான்: கட்டட வரைபடம் போடும் ரெவிட் மென்பொருளின் 2021 பதிப்பில் பல வருடமாக நாமே செய்து சேர்த்த கதவு, சன்னல், கிரில் ஃபேமிலிகள் (அளவை மாற்றி எந்த வீட்டிலும் வைக்கக்கூடிய மாதிரிக் கோப்புகள்) இருக்கின்றன. புதிய பதிப்புக்குப் போகிறோம். அளவுகளும் செட்டிங்ஸும் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது? பழைய பதிப்பை எப்போது நீக்கலாம்?

ஃபேமிலிகளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பழைய ஃபேமிலியைப் புதிய ரெவிட்டில் திறந்தால் அதுவே மேம்படுத்திக்கொள்ளும். நாம் தொலைப்பது ஃபேமிலிக்கு வெளியே கிடக்கும் சில்லறைக் கோப்புகளைத்தான். அதிலும் ஷேர்டு பாராமீட்டர் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. அகலம், உயரம் போல பல ஃபேமிலிகளுக்கும் பொதுவான விவரங்களின் (பாராமீட்டர்) பட்டியல் அது. சில கிலோபைட் கூடத் தேறாத டெக்ஸ்ட் கோப்பு. அதைத் தொலைத்துவிட்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும்.

எங்கள் அலுவலகம் அப்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், தரைத்தளத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்துவிட்டது. நாங்கள் கதவைத் திறந்தபோது மேசைக்கு அடியில் இருந்த மூன்று சிபியூவும் சேற்றில் படுத்திருந்தன. ஃபேமிலிகள் மட்டும் தப்பின. மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து மகாராஜநகர் வீட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஏறக்குறைய நானூறு ஃபேமிலிகள், ஒன்றும் போகவில்லை. எப்படியும் புதுக் கணினி வாங்க வேண்டும், அதோடு 2024க்கு மாறிவிடலாம் என்று மாறினோம். பொங்கலுக்குள் வேலை பழையபடி ஓட ஆரம்பித்தது. நானும் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஃபேமிலிகளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ரெவிட்டோடு வரும் கதவுகள் வேறு ஊர்க் கட்டுமானத்துக்குச் செய்தவை. நம் பக்கத்தில் தார்சா, பட்டாசல், அடுக்களை என்று போகும் வீட்டுக்கு அவை ஒட்டாது. இங்கே வாசலுக்கு வைப்பது நிலை. நான்கு பக்கமும் மரம், கீழே படியும் சேர்த்து. மூன்றரை அடிக்கு ஏழு அடி நிலை, ஐந்துக்கு மூன்று அங்குல மரம் என்றால் மொத்த நீளம் 21 அடி, மரம் 2.19 கன அடி. இந்தக் கணக்கை ஃபேமிலிக்குள்ளேயே ஃபார்முலாவாகப் போட்டிருந்தோம். நிலை அகலம், நிலை உயரம், மரக் கனம், மரத்தின் வகை எல்லாம் ஷேர்டு பாராமீட்டர்கள். ஷெட்யூலை, அதாவது மாடலிலிருந்து ரெவிட் எடுத்துத் தரும் அளவுப் பட்டியலை, அச்செடுத்து ஆசாரி கையில் கொடுத்தால் அவர் அதை வைத்தே மரக்கடைக்குப் போய்விடுவார்.

2024 மார்ச்சில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் ஷெட்யூல் அனுப்பினோம். மொத்தம் பதின்மூன்று நிலை. மறுநாள் காலையில் ஆசாரி போன் செய்தார்: "ஏழு நிலைக்குத்தான் அளவு போட்டிருக்கீக தம்பி, மிச்சம் ஆறும் சும்மா கிடக்கு. மரம் அறுக்கவா, வேண்டாமா?" நிலை வைப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. பஞ்சாங்கத்தில் பார்த்த நாளை ரெவிட்டுக்காக யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

மாடலைத் திறந்து பார்த்தால் அந்த ஆறு கதவுகளிலும் அளவு இருக்கிறது! ஷெட்யூலில் மட்டும் வெறும் கட்டம். அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ஷெட்யூலின் ஃபீல்டு பட்டியலைத் திறந்தேன். அங்கே 'நிலை அகலம்' என்று இரண்டு இருந்தன. ஒன்றுக்கொன்று எழுத்து கூட மாறவில்லை.

நடந்தது இதுதான். ஷேர்டு பாராமீட்டர் கோப்பு நூலக ஃபோல்டரில் இல்லை, மூழ்கிப்போன கணினி ஒன்றின் டெஸ்க்டாப்பில் இருந்தது. எப்போதோ அங்கே உருவாக்கியது, அப்படியே விட்டுவிட்டோம். புதுக் கணினியில் அந்தக் கோப்பு இல்லாததால் அலுவலகப் பையன் பழைய பெயர்களை நினைவில் வைத்துப் புதிதாக ஒன்று உருவாக்கிவிட்டான். அதை வைத்துத்தான் ஜனவரிக்குப் பிறகு செய்த கதவுகளுக்குப் பாராமீட்டர் போட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

ரெவிட் பாராமீட்டரைப் பெயர் பார்த்து அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் உருவாகும்போதே 32 இலக்கத்தில் ஓர் எண் ஒட்டிவிடும், ஜியுஐடி என்பார்கள். ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தாலும் ரேஷன் கார்டு வேறு வேறுதானே, அந்த மாதிரி. பெயரை அப்படியே மறுபடி அடித்தாலும் எண் புதிதாகத்தான் விழும். எங்கள் டெம்ப்ளேட்டில் (புது வேலையைத் தொடங்கும் மூலக் கோப்பு) இருந்த ஷெட்யூல் பழைய எண்ணைத் தேடியது. ஏழு கதவில் அது இருந்தது, ஆறில் இல்லை.

இதற்கு வழி உண்டு. அது தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது, உங்களுக்கு அந்த இரண்டு நாள் மிச்சம். கோப்பு தொலைந்தாலும் பழைய ஃபேமிலிக்குள் அந்த எண் பத்திரமாக இருக்கிறது. புதிதாக ஒரு காலி ஷேர்டு பாராமீட்டர் கோப்பை உருவாக்குங்கள். பழைய ஃபேமிலியைத் திறந்து, ஃபேமிலி டைப்ஸ் பெட்டியில் அந்தப் பாராமீட்டரைத் திருத்தப் போனால் 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தான் தெரியும். அழுத்தினால் பாராமீட்டர் பழைய எண்ணோடேயே புதிய கோப்பில் போய் உட்காரும். ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்து கையால் எண்ணைத் திருத்தும் யோசனை மட்டும் வேண்டாம்.

அப்புறம் தவறான எண் ஏறிய புதுக் கதவுகளைச் சரிசெய்ய வேண்டும். ஒரு ஷேர்டு பாராமீட்டரை நேராக இன்னொன்றாக மாற்ற முயன்று தோற்றேன். முதலில் அதை வேறொரு பெயரில் சாதாரண ஃபேமிலி பாராமீட்டர் ஆக்கி, பிறகு மீட்டெடுத்த ஷேர்டு பாராமீட்டருக்கு மாற்றினால் சரியாகிறது. ஃபார்முலாக்கள் அப்படியே நிற்கும். ஆனால் ப்ராஜெக்டுக்குள் ஒவ்வொரு கதவுக்கும் கையால் இட்ட மதிப்புகள் பழைய பாராமீட்டரோடு போய்விடும். ஃபேமிலியை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. ஆசாரிக்கு அந்த ஆறு நிலையின் அளவையும் கடைசியில் போனிலேயே படித்துக் காட்டினேன்.

சரி, நீங்கள் இன்னும் மாறவில்லை என்பதால் இவ்வளவு அவஸ்தை உங்களுக்குத் தேவையில்லை. இப்போதே 2021ஐத் திறந்து, மேனேஜ் டேபில் ஷேர்டு பாராமீட்டர்ஸை அழுத்தி, அந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதை நூலக ஃபோல்டருக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, புதிய பதிப்பிலும் அதே கோப்பைக் காட்டுங்கள். மாறுவதில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

நூலகத்துக்கு முழுதாக ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் மேம்படுத்துங்கள். ரெவிட்டில் திரும்பி வரும் வழி கிடையாது. 2024இல் சேமித்த ஃபேமிலியை 2021 திறக்காது, பழைய வடிவத்தில் சேமிக்கும் வசதியும் இல்லை. சிலர் மேம்படுத்தாமல் பழைய ஃபேமிலிகளையே ப்ராஜெக்டில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் டிஸ்கில் இருக்கும் கோப்பு பழையபடியே கிடப்பதால் ஏற்றும் ஒவ்வொரு முறையும் மேம்படுத்தக் காத்திருக்க வேண்டும். மொத்தமாகத் திறந்து சேமிக்க ஆட்-இன்கள் (ரெவிட்டோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்கள்) இருக்கின்றன. சேமித்து முடித்ததும் ஒவ்வொரு ஃபேமிலிக்கும் பக்கத்தில் 0001 என்று முடியும் நகல் கோப்பு முளைத்திருக்கும், அவற்றை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் யாராவது அதைப் போய் ஏற்றுவார்கள்.

சில ஃபேமிலிகளுக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அது டைப் கேட்டலாக். எங்கள் கிரில் சன்னல்களின் இருபத்தெட்டு அளவும் அதில்தான் இருக்கின்றன. ஃபேமிலியை மட்டும் நகலெடுத்து இதை விட்டால் சன்னல் வரும், அளவுப் பட்டியல் வராது. அதே பெயர், அதே ஃபோல்டர், இரண்டையும் மாற்றாதீர்கள்.

சுவர் வகைகள், மெட்டீரியல்கள், வியூ டெம்ப்ளேட்டுகள் எல்லாம் டெம்ப்ளேட் கோப்புக்குள் இருக்கின்றன. டெம்ப்ளேட்டைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்தாலே போதும். பழைய ப்ராஜெக்டிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே ரெவிட்டில் திறந்து 'டிரான்ஸ்ஃபர் ப்ராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ்' போடுங்கள். ஒரே பெயரில் வகைகள் மோதும்போது ஓவர்ரைட்டா, நியூ ஒன்லியா என்று கேட்கும். நியூ ஒன்லி கொடுங்கள். ஓவர்ரைட் கொடுத்து ஒன்பது அங்குலச் சுவரின் பூச்சுக் கனம் மாறிப்போன கதை ஒன்று உண்டு, அது வேண்டாம்.

மெட்டீரியல் படங்களை ரெவிட் பாதை வைத்துத்தான் தேடும். டிரைவ் எழுத்து மாறினால் ரெண்டரில் ஓடு ஓடாகத் தெரியாது. ஆப்ஷன்ஸில் ரெண்டரிங் பகுதியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். கீபோர்டு ஷார்ட்கட்டுகளை அதற்குரிய பெட்டியிலேயே எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்யலாம். ஆட்-இன்கள் வராது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். நீங்கள் 2025க்கோ அதற்கு மேலோ போவதாக இருந்தால் கூடுதலாக ஒன்று: அந்தப் பதிப்பிலிருந்து ரெவிட் டாட் நெட் 8 என்ற மைக்ரோசாஃப்ட் அடித்தளத்துக்கு மாறிவிட்டது. பழைய ஆட்-இன்னை அப்படியே நகலெடுத்துப் போட்டு ஓடும் என்று நம்ப வேண்டாம்.

தமிழில் டைட்டில் பிளாக் (வரைபடத் தாளில் பெயர், விவரம் போடும் கட்டம்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் டைட்டில் பிளாக்கில் மனை உரிமையாளர் பெயரும் சர்வே எண்ணும் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தன. புதுக் கணினியில் பாமினி இல்லை. ரெவிட் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு எழுத்துருவைப் போட்டுக்கொண்டது, உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. பாமினியை மறுபடி நிறுவாமல், எல்லாவற்றையும் யூனிகோடில் அடித்து லதா எழுத்துருவுக்கு மாற்றிவிட்டோம்.

மாறியது சரியாக வந்ததா என்று பார்க்க நான் செய்வது: 2021இலேயே ஒரு காலி ப்ராஜெக்டில் ஒரு நீளச் சுவர் போட்டு, எல்லாக் கதவு சன்னலையும் வரிசையாக வைத்து, ஷெட்யூலை டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் செய்துகொள்வேன். அதே ப்ராஜெக்டின் நகலைப் புதிய பதிப்பில் திறந்து, மேம்படுத்திய ஃபேமிலிகளை மறுபடி ஏற்றி, ஷெட்யூலை எடுத்து இரண்டையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். வெறும் கட்டம் இருந்தால் பளிச்சென்று தெரியும்.

பழைய பதிப்பை நீக்குவது பற்றி: கையில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைப் பழையதிலேயே முடியுங்கள். எங்களோடு வேலை செய்யும் மதுரை ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் 2022இல் இருந்தார். நாங்கள் 2024இல் அனுப்பிய மாடலை அவரால் திறக்கவே முடியவில்லை. ஆட்டோடெஸ்க் சந்தாவில் நடப்புப் பதிப்போடு முந்தைய மூன்று பதிப்புகள்தான் பொதுவாகத் தரவிறக்கக் கிடைக்கும். 2021ஐ ஒருமுறை நீக்கிவிட்டால் மறுபடி கிடைப்பது கஷ்டம். இரண்டு பதிப்பும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் ஓடும், வட்டில் கொஞ்சம் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். கடைசி வீட்டுக்குப் பால் காய்ச்சியதும் நீக்கிக்கொள்ளுங்கள்.