ஐந்து வயதில் தொடங்கிய வேலை: ஹிதெகோ தகமினே குறித்த கேள்வி பதில்

ஜப்பானியத் திரைநடிகை ஹிதெகோ தகமினே (1924–2010) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல ஆண்டுகளாக அவருடைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன் என்ற உரிமையில், விவரங்களோடு என் சொந்த மதிப்பீட்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பழைய ஜப்பானிய நடிகைகள் என்றால், இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களில் வரும் செத்சுகோ ஹராவைத்தான் எங்களுக்குத் தெரியும். தகமினேயிடம் அப்படி என்ன தனிச்சிறப்பு?

பதில்: ஹரா மகத்தான நடிகை, அதில் ஐயமில்லை. ஆனால் தகமினே ஏற்ற பாத்திரங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள்: பேருந்து நடத்துநர், தீவுப் பள்ளியின் ஆசிரியை, கலங்கரை விளக்கக் காவலரின் மனைவி, மதுக்கூடத்தை நடத்தும் விதவை, மளிகைக் கடையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தும் மருமகள். ஏறக்குறைய எல்லாருமே உழைத்துப் பிழைக்கும் பெண்கள். மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்ற கவலை அவர்கள் முகத்தில் எப்போதும் இருக்கும். அந்தக் கவலையை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு நடிகையை நான் பார்த்ததில்லை. அவருடைய காலத்தில் அவருக்கிருந்த இடத்தை அறிய ஒரு செய்தி போதும்: 1954ஆம் ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படங்களுக்கான ‘கினேமா ஜும்போ’ இதழின் பட்டியலில், முதலிரண்டு இடங்களையும் கெய்சுகே கினொஷிதா இயக்கத்தில் தகமினே நடித்த படங்களே பிடித்தன, குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்கள்’ மூன்றாவதாக வந்தது.

கேள்வி: ஐந்து வயதிலேயே நடிக்க வந்துவிட்டார் என்று படித்தேன். பெற்றோர் திரைத்துறையினரா?

பதில்: இல்லை. அவர் ஜப்பானின் வடக்குப் பெருந்தீவான ஹொக்கைதோவில் உள்ள ஹகொதாத்தே துறைமுக நகரில் 1924 மார்ச் 27 அன்று பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தபோது, தந்தையின் தங்கை அவரைத் தத்தெடுத்து டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றார். அந்த அத்தை, மௌனப் படங்கள் ஓடும்போது திரையருகே நின்று கதை சொல்லும் ‘பென்ஷி’ தொழிலில் சில காலம் இருந்தவர். அப்போது அவர் வைத்துக்கொண்ட மேடைப் பெயர்தான் ‘ஹிதெகோ தகமினே’. குழந்தைக்குக் கிடைத்தது அத்தையின் பழைய பெயர்.

ஷொச்சிக்கு நிறுவனத்தின் கமாத்தா ஸ்டுடியோவில் ‘தாய்’ படத்துக்காகக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த நாளில், அந்த வரிசையில் இவரும் நிறுத்தப்பட்டார், தேர்வும் ஆனார். அது 1929ஆம் ஆண்டு. அதன்பின் சிறுமி வேடம், சிறுவன் வேடம் என்று ஓய்வில்லாமல் நடித்தார். ஓசுவின் ‘டோக்கியோ கோரஸ்’ (1931) படத்தில் வேலையிழந்த குமாஸ்தாவின் மகளாக வருவது இவர்தான். 1934இல் ஹகொதாத்தே பெருந்தீயில் அழிந்தது. எல்லாவற்றையும் இழந்த பாட்டனார் குடும்பமும் டோக்கியோவுக்கு வந்து சேர, பத்து வயதுச் சிறுமியின் சம்பளத்தை நம்பியிருந்த வாய்கள் மேலும் பெருகின. பள்ளிக்கூடம் செல்ல நேரமே இல்லை. முறையாகப் படிக்கவில்லையே என்ற ஏக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. திரையில் அவர் காட்டிய களைப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: குழந்தை நட்சத்திரங்கள் பெரும்பாலும் வளர்ந்ததும் காணாமற்போய்விடுவார்கள். இவர் எப்படித் தாண்டி வந்தார்?

பதில்: 1937இல் தோஹோ நிறுவனத்துக்கு மாறியதும், கஜிரோ யமமொத்தோ என்ற இயக்குநர் கிடைத்ததும்தான் காரணம். அவருடைய ‘கட்டுரை வகுப்பு’ (1938) டோக்கியோவின் ஏழைக் குடியிருப்பில் வாழும் ஒரு மாணவியின் கதை. பதினான்கு வயதுப் பெண் எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தார் தகமினே. அடுத்து ‘குதிரை’ (1941). வடகிழக்குப் பகுதி விவசாயக் குடும்பத்துப் பெண்ணொருத்தி குட்டியிலிருந்து வளர்த்த குதிரையை இறுதியில் ராணுவத்துக்குக் கொடுக்க நேர்கிறது. பருவங்கள் மாறக் காத்திருந்து எடுத்த படம் என்பதால், கதையில் வளரும் பெண்ணோடு நடிகையும் வளர்வதைக் காணலாம்.

கேள்வி: அந்தப் படத்தின் உதவி இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கும் இவருக்கும் காதல் இருந்தது உண்மையா?

பதில்: இருவருக்கும் ஒருவர்மீது ஒருவருக்கு நாட்டம் இருந்தது, வளர்ப்புத் தாய் அதை அறிந்து பிரித்துவிட்டார். தகமினே தன் வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். மகளின் வருமானமே மொத்தக் குடும்பத்தின் வருமானமாக இருந்த வீட்டில் நடந்தது அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: போருக்குப் பிறகு தோஹோவில் நடந்த வேலைநிறுத்தத்தில் இவர் எந்தப் பக்கம் நின்றார்?

பதில்: போர்க்காலத்தில் ஜப்பானியப் படைவீரர்களுக்காகப் பாடியவர், தோல்விக்குப் பிறகு டோக்கியோவில் அமெரிக்கப் படைவீரர்களுக்காகவும் மேடையேறினார். சில மாத இடைவெளியில் நேர்ந்த இந்த மாற்றம் அவரை ஆழமாக உறுத்தியது. 1946இல் தோஹோவில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிற்சங்கத்தின் போக்கோடு ஒத்துப்போக முடியாத பத்து நட்சத்திரங்கள் தனிக்குழுவாக வெளியேறினார்கள். தென்ஜிரோ ஒகோச்சி, கசுவோ ஹசெகாவா, இசுசு யமதா, செத்சுகோ ஹரா ஆகியோருடன் தகமினேயும் அதில் இருந்தார். அந்தப் பிரிவிலிருந்து பிறந்ததுதான் ஷின்தோஹோ நிறுவனம்.

இதைவிட முக்கியமானது, 1950இல் ஷின்தோஹோவையும் விட்டு எந்த நிறுவனத்தையும் சாராத நடிகையாக அவர் எடுத்த முடிவு. நடிகர்கள் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்த அந்தக் காலத்தில் அது துணிச்சலான செயல். அதன்பின் ஷொச்சிக்குவில் கினொஷிதாவிடமும் தோஹோவில் இயக்குநர் மிகியோ நருசேயிடமும் மாறிமாறி நடிக்க அவரால் முடிந்தது அந்த விடுதலையால்தான். 1951இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போய் ஏறத்தாழ ஆறு மாதம் தனியே தங்கினார். ஐந்து வயதுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் நீண்ட விடுப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: ‘இருபத்து நான்கு கண்கள்’ வெறும் அழவைக்கும் படம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

பதில்: அழவைக்கும் படம்தான், ஆனால் ‘வெறும்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. சகாயே சுபோய் எழுதிய நாவலைக் கினொஷிதா 1954இல் படமாக்கினார். 1928இல் ஷோதோ தீவின் சிறு பள்ளிக்கு மேற்கத்திய உடையில் சைக்கிளில் வந்து சேரும் ஓயிஷி என்ற இளம் ஆசிரியையையும், அவருடைய முதல் வகுப்பின் பன்னிரண்டு பிள்ளைகளையும், போர் முடிந்த மறு ஆண்டுவரை படம் தொடர்கிறது. ‘ஓயிஷி’ என்றால் பெரிய கல். ஆசிரியை உருவத்தில் சிறியவர் என்பதால் பிள்ளைகள் ‘கொயிஷி’, அதாவது சின்னக்கல், என்று கூப்பிடுகிறார்கள். முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் பிள்ளைகளின் முகம் பொருந்த வேண்டும் என்பதற்காக, சாயலொத்த உடன்பிறப்புகளையே தேடிப் பிடித்தார் கினொஷிதா.

இறுதிக் காட்சிக்கு வருவோம். எஞ்சிய மாணவர்கள் ஆசிரியைக்கு விருந்து வைக்கிறார்கள். போரில் கண்ணிழந்து திரும்பிய மாணவன், முதல் வகுப்பில் எடுத்த குழுப் புகைப்படத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்து இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகிறான். அப்போது தகமினே செய்வது மிகக் குறைவு. இருபது வயதுச் சுறுசுறுப்பிலிருந்து கணவனையும் மகளையும் இழந்த நடுவயதுக்கு அவர் வந்து சேர்ந்த விதமே அந்தக் காட்சியைத் தாங்குகிறது.

கினொஷிதாவும் தகமினேயும் 1951இல் தந்த ‘கார்மென் ஊர் திரும்புகிறாள்’ ஜப்பானின் முதல் முழுநீள வண்ணப்படம். ஃபூஜி வண்ணச்சுருள் சரியாக வருமோ என்ற அச்சத்தில், ஒவ்வொரு காட்சியையும் கறுப்பு வெள்ளையில் இன்னொருமுறை எடுத்தார்கள். டோக்கியோவில் ஆடை களைந்து ஆடும் நடனக்காரி, தன்னைக் கலைஞர் என்று மனதார நம்பி, அசாமா மலையடிவாரக் கிராமத்துக்குத் திரும்பும் கதை அது. ஆசிரியை வேடத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு இதைச் செய்திருக்கிறார்!

கேள்வி: மிகியோ நருசேயுடன் பதினேழு படங்கள் செய்திருக்கிறார். அந்தக் கூட்டணியை எப்படி விளக்குவீர்கள்?

பதில்: நருசே அதிகம் பேசாதவர், திரைக்கதையில் வசனங்களை அடித்துக்கொண்டே போவார். மிச்சத்தைக் கண்ணும் நடையும் சொல்ல வேண்டும். தகமினேக்கு அது கைவந்தது.

‘மிதக்கும் மேகங்கள்’ (1955) படத்துக்கு அழைத்தபோது, இவ்வளவு பெரிய காதல் கதை தன்னால் ஆகாது என்று அவர் அஞ்சினார். தன் போதாமையை நிரூபிப்பதற்காகத் திரைக்கதை முழுவதையும் தானே வாசித்து ஒலிநாடாவில் பதிந்து அனுப்பினார். கேட்டவர்களோ அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு முன்னிலும் பலமாக வற்புறுத்தினார்கள். ஃபுமிகோ ஹயாஷியின் நாவலில் வரும் யுகிகோ, போர்க்காலத்தில் இந்தோசீனத்தின் தலாத்தில் தட்டெழுத்தராக இருந்தபோது காதலித்த மணமான வனத்துறை அலுவலரைத் தேடி, இடிந்து கிடக்கும் டோக்கியோவுக்கு வருகிறாள். அவன் பலவீனன், நம்பத்தகாதவன். மசயுகி மோரி அவனை வெறுக்கவும் முடியாதபடி நடித்திருக்கிறார். மழை ஓயாத யாகுஷிமா தீவில் அவள் இறந்தபின், விளக்கை முகத்தருகே கொண்டுவந்து அவளுடைய உதடுகளுக்கு அவன் சாயம் பூசுகிறான். தன்னால் எடுக்க முடியாத படங்களில் ஒன்றாக ஓசு இதைக் குறிப்பிட்டார்.

கேள்வி: ‘ஒரு பெண் படியேறும்போது’ படத்தில் உடைகளும் அவர் தேர்வு என்கிறார்களே?

பதில்: ஆம், 1960இல் வந்த அந்தப் படத்தின் உடையலங்காரப் பொறுப்பும் அவருடையதே. டோக்கியோவின் கின்சா பகுதியில் மதுக்கூடம் நடத்தும் கெய்கோவுக்கு கிமோனோ தொழிற்கருவி. வாடகை, உடை, டாக்சி என்று அவள் செலவுக் கணக்குச் சொல்லும்போது, அந்தத் துணிகளின் விலை நமக்கும் உறைக்கிறது. ஒவ்வொரு மாலையும் மாடிப்படியின் கீழே ஒரு கணம் நின்று, பிறகு அவள் மேலே வைக்கும் அந்தக் காலடியைப் பாருங்கள்.

கேள்வி: திருமண வாழ்க்கை எப்படி அமைந்தது?

பதில்: நன்றாக அமைந்தது. கினொஷிதாவின் உதவி இயக்குநராக இருந்த ஸென்சோ மட்சுயாமாவை 1955இல் மணந்தார். அவர் புகழ்பெற்ற நட்சத்திரம். கணவரோ சொற்பச் சம்பளக்காரர். மணமானதும் நடிப்பை விடுவது வழக்கமாக இருந்த காலத்தில், இவர் தொடர்ந்து நடித்தார். மட்சுயாமா முதன்முதலில் இயக்கிய படத்தில் (1961) காது கேளாத தம்பதியரின் கதைக்காகச் சைகைமொழி பயின்று நடித்தார்.

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக் படத்தின் சர்ச்சையில் அவர் பெயர் ஏன் வருகிறது?

பதில்: 1965இல் கொன் இச்சிகாவா எடுத்த ஒலிம்பிக் ஆவணப்படத்தை, இது கலையா பதிவா என்று புரியவில்லை எனப் பொறுப்பு அமைச்சர் இச்சிரோ கோனோ குறைகூறியபோது, தகமினே நாளிதழில் எதிர்த்து எழுதியதோடு அமைச்சரை நேரிலும் சந்தித்து இச்சிகாவாவுக்காகப் பேசினார். அவருக்கும் அந்தப் படத்துக்கும் எந்தத் தொழில் தொடர்பும் இல்லை.

கேள்வி: எப்போது விலகினார்? அதன்பின் என்ன செய்தார்?

பதில்: 1979இல், கினொஷிதாவின் படத்தோடு, ஐம்பது ஆண்டு நிறைவில் விலகினார். அதற்கு முன்பே, 1976இல் நூலாக வந்த அவருடைய தன்வரலாறு கட்டுரையாளர்களுக்கான முக்கிய விருதைப் பெற்றிருந்தது. பள்ளிக்குப் போகாத அந்தப் பெண் இறுதிவரை மதிக்கப்பட்ட கட்டுரையாளராக வாழ்ந்து, 2010 டிசம்பர் 28 அன்று 86 வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

கேள்வி: ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: பலரும் ‘மிதக்கும் மேகங்கள்’ என்பார்கள். நான் 1964இல் வந்த ‘மிதாரெரு’வைச் சொல்வேன், திரைக்கதை மட்சுயாமா, இயக்கம் நருசே. போரில் கணவனை இழந்த ரெய்கோ, புகுந்த வீட்டின் மளிகைக் கடையைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்தியிருக்கிறாள். எதிரே வந்த சூப்பர்மார்க்கெட் முட்டையைப் பாதி விலைக்கு விற்கிறது. கடைகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடுகின்றன. அதே நேரம், தன்னைவிட இளையவனான கொழுந்தன் தன் காதலைச் சொல்கிறான். அவள் வீட்டைவிட்டுக் கிளம்ப, அவனும் ரயிலில் தொடர்ந்து வருகிறான். வெந்நீரூற்று ஊரில் தங்கும்போது, முறுக்கிய காகிதத் திரியொன்றை அவன் விரலில் கட்டிவிடுகிறாள். மறுநாள் காலை சன்னல் வழியே பார்க்கிறாள்: தூக்குப்படுக்கையில் பாய் போர்த்திய ஓர் உடலைச் சுமந்துபோகிறார்கள், வெளியே தொங்கும் கையில் அந்தக் காகித மோதிரம். அவள் தெருவில் இறங்கி ஓடுகிறாள். எட்டிப் பிடிக்க முடியாமல் நிற்கிறாள். தலைமுடி கலைந்த அந்த முகத்தை நருசே அருகில் காட்டுகிறார். அழுகை இன்னும் அந்த முகத்தை வந்தடையவில்லை, அதற்குள் படம் முடிந்துவிடுகிறது.