கூடனைக் கெடுத்தது போதை மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியில் பந்து வீசிய டுவைட் கூடனை 'மகத்தான பிட்சர்' என்று எழுதியிருந்தீர்கள். கிடைத்த வரத்தைக் கொகெய்னில் கரைத்தவர் அவர். சிறைக்கும் போனார். சாதனையாளர்களைக் கௌரவிக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' வாக்கெடுப்பில் முதல் வருடமே கழற்றிவிட்டார்கள். தன்னைத்தானே கெடுத்துக்கொண்டவரை மகத்தானவர் என்பது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன எதுவும் பொய்யில்லை. 2006-ல் அவருக்கு விழுந்தது 3.3 சதவீத வாக்கு. பட்டியலில் நீடிக்கவே 5 வேண்டும். அதே ஆண்டுதான் சிறையும். 1986-ல் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்று மெட்ஸ் ஊர்வலம் போனபோது கூடன் அதில் இல்லை. போதைமருந்து விற்பவனின் வீட்டில் உட்கார்ந்து டிவியில் அதைப் பார்த்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். அப்போது வயது 21. படிக்கும்போது வயிறு எரிகிறது.

ஆனால் அந்தத் தோள் பட்ட பாட்டையும் பாருங்கள். 1983-ல், 18 வயதில், மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டியில் 191 இன்னிங்ஸ் வீசினார். (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.) அடுத்த வருடம் மெட்ஸுக்காக 218. 1985-ல் 276. தொடங்கிய 35 ஆட்டங்களில் 16-ஐக் கடைசிவரை அவரே வீசி முடித்தார். 20 வயதுப் பையன்! இன்று 200 இன்னிங்ஸ் வீசும் பிட்சர்களே அபூர்வம். இந்த வயதில் ஒருவனை இப்படிப் பிழிய எந்த அணிக்கும் துணிச்சல் வராது. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றும் ஸ்ட்ரைக்அவுட்கள் 1984-ல் 276, 1985-ல் 268 என்றிருந்தவை 1986-ல் 200 ஆயின. கொகெய்ன் பரிசோதனையில் அவர் சிக்கியது அதற்கு அடுத்த வருடம். 1991-ல் தோளில் அறுவைசிகிச்சை. போதைக்கு எவ்வளவு பங்கு, அளவுமீறிய வேலைக்கு எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. பழி முழுவதையும் பையன் தலையில் போடுவது அவனை வீச வைத்தவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

அப்புறம், 1985. 24 வெற்றி, 4 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.53 ஓட்டம்தான் கொடுத்தார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவரைவிட இளவயதில் வாங்கியவர் இல்லை. பந்து கண்ணுக்கு நேரே வருகிறது என்று பேட்டர் நினைக்கும்போது முழங்காலுக்குச் சரிந்துவிடும். அந்த வளைபந்துக்கு (கர்வ்) 'லார்டு சார்லஸ்' என்று மரியாதைப் பெயரே உண்டு. மெட்ஸின் அன்றைய மைதானமான ஷே ஸ்டேடியத்தில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் ரசிகர்கள் அதன் குறியீடான 'கே' அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

போதையால் 1995 முழுவதும் தடை. 1996 மே 14, நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸ் சட்டையில், சியாட்டில் மாரினர்ஸுக்கு எதிராக ஒரு ஹிட் (பேட்டர் பந்தை அடித்து பேஸை எட்டுவது) கூடக் கொடுக்காமல் முடித்தார். எதிரே கென் கிரிஃபி, அலெக்ஸ் ரோட்ரிகஸ், எட்கர் மார்ட்டினெஸ் போன்ற பெரிய பேட்டர்கள். மறுநாள் அப்பாவுக்கு இதய அறுவைசிகிச்சை. குறி தவறி வீசி ஆறு பேரை அடிக்காமலே பேஸுக்குப் போகவிட்டு (வாக்), 134 பந்து வீசித் தட்டுத்தடுமாறி ஜெயித்த ஆட்டம் அது. 1985-ன் வேகம் போய்விட்டது, விட்டுக்கொடுக்கிற மனம் மட்டும் அவருக்கு வரவில்லை.

2024 ஏப்ரலில் மெட்ஸ் அவருடைய 16-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. அந்த அணியில் இனி யாரும் அதை அணிய முடியாது. நான் எழுதியதை மாற்றப் போவதில்லை.