மாசியில் மொட்டையாக நிற்கும் வாகை: வெட்டிவிடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். களத்துமேட்டில் தாத்தா காலத்து வாகை ஒன்று நிற்கிறது. கஜா புயலில் பெரிய கிளை ஒன்று முறிந்தது. இப்போது ஒரு இலைகூட இல்லை. ராத்திரி காற்றடித்தால் கலகலவென்று சத்தம், நடுவில் யாரோ அலறுவதுபோல ஒரு குரல். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே பயப்படுகிறார்கள். மரம் செத்துவிட்டது, வெட்டிவிடு என்கிறார் அம்மா. விறகு வியாபாரி விலையும் பேசிவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: சித்திரை கழியட்டும் என்று வியாபாரியிடம் சொல்லிவிடுங்கள். வாகை இலை உதிர்க்கும் மரம். மழை ஓய்ந்து பனி இறங்கியதும் கொட்ட ஆரம்பித்து, தை மாசியில் மொட்டையாகத்தான் நிற்கும். பங்குனி சித்திரையில் துளிர்க்கும்.

அந்தக் கலகல சத்தம் நெற்று. இலை போன பிறகும் காய்ந்த காய்கள் மாதக்கணக்கில் கிளையிலேயே தொங்கும். உள்ளே விதைகள் ஆடும். குறுந்தொகையின் 7ஆம் பாட்டில், கயிற்றில் ஆடும் கூத்தர்களின் பறைபோல வாகை நெற்று ஒலிப்பதாக வருகிறது. அவ்வளவு பழைய சத்தம் இது.

அலறல் பெரும்பாலும் கூகையாக இருக்கும். சாக்குருவி என்று நாம் பயப்படுகிற அதே பறவை. முறிந்த கிளையின் பொந்தில் குடியிருக்கலாம். பகலில் மரத்தடியைப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தால் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒன்றைக் குச்சியால் உடைத்துக் காட்டுங்கள். உள்ளே எலி ரோமமும் மண்டையோடும் இருக்கும். கூகை செரிக்க முடியாமல் கக்கியவை அவை. எலி பிடிக்கக் கிட்டி வைக்க ஆள் தேடிக் கூலி கொடுக்கிற நமக்கு, வயலோரம் ஒரு கூகை தங்குவது பெரிய கொடுப்பினை.

சரி, மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பார்த்துவிடலாம். பென்சில் தடிமனுள்ள சுள்ளியை வளையுங்கள். வளைந்துகொடுத்தால் நல்லது, படக்கென்று ஒடிந்தால் அது காய்ந்தது. தோலை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். ஒரே சுள்ளியை வைத்து முடிவுகட்டாதீர்கள். நாலு பக்கமும் பாருங்கள், அப்புறம் அடிமரத்தில் கட்டைவிரல் நகமளவுக்குக் கத்தியால் கீறிப் பாருங்கள். உச்சி காய்ந்து அடி உயிரோடிருக்கும் மரங்கள் நிறைய. ஆனால் பட்டையைச் சுற்றி வளையமாக மட்டும் உரித்துவிடாதீர்கள். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டை வழியாகத்தான், வளையம் எடுத்தால் நல்ல மரமும் செத்துப்போகும். மொட்டை மரத்தில் ஓரிடத்தில் மட்டும் பச்சைக் கொத்து தெரிந்தால், அது புல்லுருவியா, அதாவது கிளையில் வேரூன்றி மரத்தின் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிச் செடியா என்று பாருங்கள். புல்லுருவி என்றால் அது ஒட்டியிருக்கும் கிளையோடு சேர்த்து வெட்டியெடுங்கள்.

எனக்குக் கவலை கஜாவில் முறிந்த அந்தக் கிளைதான். 2018 நவம்பரில் பட்ட காயம். பிய்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்திருக்கலாம். அடிமரத்தைக் கட்டையால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். எங்கேயாவது 'டொம்' என்று வெற்றொலி கேட்டால் உள்ளே பொந்து. பொந்து இருந்தாலே மரம் விழுந்துவிடும் என்றில்லை. ஆனால் வேரடியில் தட்டுத்தட்டாகக் காளான், புதிதாக ஒரு சாய்வு, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்புவது, இதில் ஒன்று தெரிந்தாலும் மரத்தடியில் நெல் காயவைப்பதையும் ஆட்கள் உட்காருவதையும் உடனே நிறுத்துங்கள். நம் களிமண்ணில் ஐப்பசி கார்த்திகை மழை தேங்கினால் வேர்ப்பிடிப்பு தளர்ந்துவிடும்.

களம் என்பதால் இன்னொன்று. மரத்தடியில் வைக்கோல் சருகைக் கொளுத்தாதீர்கள். மேலே கரி படிந்ததுபோலத்தான் தெரியும், உள்ளே பட்டை வெந்து போயிருக்கும்.

காய்ந்த கிளைகளை மட்டும் இப்போதே கழிக்கலாம். முதலில் கிளையின் கீழ்ப்புறத்திலிருந்து கால்வாசி அறுத்து, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போகும்.

வைகாசி பிறந்தும் எங்கும் துளிர் இல்லை, அடிப்பட்டையும் காய்ந்து கழன்று வருகிறது என்றால் மரம் போய்விட்டது. அப்போதும் வீடு, ரோடு, மின்கம்பி எதன் மேலும் விழாத தூரத்தில் இருந்தால், கூகைக்காக விட்டுவைக்கத்தான் நான் சொல்வேன். கம்பிக்குப் பக்கத்தில் என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் கிளையில் கை வைக்காதீர்கள். களம் புறம்போக்கில் இருந்தால் முதலில் விஏஓவைப் பாருங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் பொந்துக்குள் குஞ்சு இருக்கிறதா என்று யாரையாவது ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், அவை பறந்து போகும்வரை பொறுத்திருங்கள்.