வண்ணத்தில் படம் எடுக்க வசதி இருக்கும்போது கறுப்பு வெள்ளைத் தெருப்படங்களில் ரசிக்க என்ன இருக்கிறது?

இந்த ரசனை பழைய காலத்தின் மீதுள்ள ஏக்கந்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு அப்படியும் இருக்கலாம். எனக்கு இதைக் கற்றுத்தந்தது மட்டக்களப்புச் சந்தையில் நான் எடுத்த ஒரு படம்.

மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, காலை வெயிலில் அதை எடுத்தேன். வண்ணத்தில் பார்த்த எல்லோருடைய கண்ணும் அவருடைய தலைக்கு மேல் கட்டியிருந்த நீலத் தறப்பாளிலும் பக்கத்திலிருந்த சிவப்புக் கூடையிலுமே போய் நின்றது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியபோது அவை இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகி ஒதுங்கிக்கொள்ள, தறப்பாளின் கிழிசல் வழியே இறங்கிய வெயிலில், செதில் ஒட்டிய அவருடைய விரல்கள் மிச்சக் காசை நீட்டுவதும், அதை வாங்கச் சிறுவன் ஒருவன் கையை ஏந்துவதும் தெரிந்தன. இரு கைகளுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. எடுத்த நேரத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை.

அதன் பிறகுதான், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1932இல் பாரிசின் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எடுத்த படத்தின் அருமை எனக்குப் பிடிபட்டது. தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனின் குதிகால் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே காட்சி நின்றுவிடுகிறது. அந்தச் சிறிய இடைவெளியில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. சிகாகோவில் பிள்ளைகளைப் பராமரிக்கும் பணியில் இருந்துகொண்டே தெருக்களைப் படமெடுத்த விவியன் மையரின் படங்களையும் பாருங்கள். இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கும் ரோலைபிளக்ஸ் கமராவை அவர் நெடுங்காலம் பயன்படுத்தியதால், சாதாரண வழிப்போக்கரும் அவற்றில் நிமிர்ந்த தோற்றத்தோடு நிற்கிறார்கள்.

எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் எடுத்தவற்றை நான் வண்ணத்திலேயே வைத்திருக்கிறேன், ஏனெனில் அங்கே சேலைகளின் நிறமே திருவிழாவைச் சொல்கிறது.

நீங்கள் பழகிப்பார்க்க விரும்பினால், விடிந்த கையோடு மட்டக்களப்பில் உள்ள கல்லடிப் பழைய இரும்புப் பாலத்துக்குப் போய், கைபேசிக் கமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நில்லுங்கள். வெயில் ஏறியதும் இரும்புச் சட்டங்களின் நிழல் கோடு கோடாக விழும். அந்தக் கோடுகளுக்குள் ஒரு சைக்கிள் வரும்வரை காத்திருங்கள்.