பாதிரியார் கையிலிருந்து வாத்தியார் கைக்கு: பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் மாறிய கதை

கேள்வி: சார், பிரான்சில் இலவசக் கல்வி 1789 புரட்சியோடு வந்துவிட்டதா?

பதில்: எண்ணம் வந்தது, பள்ளிக்கூடம் வரவில்லை. தத்துவவாதி கோந்தோர்சே 1792 ஏப்ரல் 20 அன்று நாடாளுமன்றத்தில் இலவசக் கல்வித் திட்டத்தை வாசித்தார். அன்றைக்கே ஆஸ்திரியா மீது போர் அறிவித்தார்கள். திட்டம் கிடப்பில் போனது. கடைசியில் 1881இல் இலவசம், 1882இல் ஆறு முதல் பதின்மூன்று வயது வரை கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தவர் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி.

கேள்வி: அத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு, அப்போது ஏன் அவசரம்?

பதில்: 1870இல் தொடங்கிய போரில் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் வாங்கிய அடி. "ஜெயித்தது பிரஷ்ய வாத்தியார்தான்" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. மன்னராட்சி திரும்பிவிடுமோ என்ற பயமும் இருந்தது. பிள்ளைகள் திருச்சபையின் கையில் வளரும்வரை குடியரசு நிலைக்காது என்று குடியரசுக்காரர்கள் நம்பினார்கள்.

கேள்வி: அப்படியானால் மதத்தை ஒரேயடியாகத் துரத்திவிட்டார்களா ஐயா?

பதில்: வகுப்பறையிலிருந்து எடுத்தார்கள், வீட்டிலிருந்து அல்ல. ஞாயிறு போக வாரத்தில் இன்னொரு நாளும் லீவு விட்டார்கள். விரும்பிய பெற்றோர் அன்று பிள்ளையை மறைக்கல்விக்கு அனுப்பலாம். 1883இல் ஃபெரி ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் சொல்லப்போவதைக் கேட்டு, வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையின் தகப்பனாவது மனசாட்சிப்படி மறுக்கக்கூடும் என்றால், அதைச் சொல்லாதீர்கள் என்றார். அதிகாரத்தில் இருந்தவர் தன் ஆட்களுக்கே போட்ட கடிவாளம் அது. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி: என் மகள் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிறாள். அங்கே அரசுப் பள்ளியிலேயே மத வகுப்பு நடக்கிறதாமே?

பதில்: உண்மைதான். இந்தச் சட்டங்கள் வந்தபோது ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. 1918க்குப் பிறகு பிரான்சோடு சேர்ந்தும் பழைய ஏற்பாடு அப்படியே நிற்கிறது.

கேள்வி: இதில் யாருக்கும் நஷ்டம் இல்லையா?

பதில்: உண்டு, பெரிய நஷ்டம். பிரான்சின் மேற்கில் உள்ள பிரித்தானி பகுதியில் பிள்ளைகள் வீட்டில் பேசியது பிரெட்டன் என்ற தனி மொழி. பள்ளியில் வாய் தவறி அதைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் சில வாத்தியார்கள் ஒரு மரச்செருப்பை மாட்டினார்கள். அடுத்து பிரெட்டன் பேசும் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால்தான் அது கழுத்தைவிட்டு இறங்கும். சாயங்காலம் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கப் பழக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சு மட்டுமே பேசினார்கள். 1977இல்தான் பெற்றோர் சிலர் சேர்ந்து பிரெட்டன் வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு 'திவான்' என்று பெயர் வைத்தார்கள். பிரெட்டனில் முளை என்று பொருள்.