முன்னால் ஒரு இன்டர்கூலர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இன்டர்கூலர்தான், அதாவது டர்போ நெருக்கிச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குப் போகும் முன் குளிர வைக்கும் சாமான். சுங்கை சிப்புட்டில் என் பட்டறை வாசலில் நின்று பார்த்தால் போவது வருவதெல்லாம் செம்பனைக்குலை லாரியும் மைவி போன்ற சின்னக் காடியும்தான். இத்தனை டர்போ காடிகளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்களோ! ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றை எல்லாம் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

எஸ்14 சில்வியா, 1 பார் பூஸ்ட். ஓரத்தில் இருக்கும் ஒரிஜினல் இன்டர்கூலரைக் கழற்றிவிட்டு முன்னால் பெரிசாகப் போட்டால் எத்தனை குதிரைசக்தி கூடும்? (ஈப்போ வாசகர்)

முதலில் கணக்கைப் பார்ப்போம் தம்பி. நம் ஊர் மத்தியானக் காற்று 33 டிகிரி. டர்போ அதை 1 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு நெருக்கினால், 70 விழுக்காடு திறனோடு சுற்றும் டர்போவிலிருந்துகூட காற்று 130 டிகிரியில்தான் வெளியே வரும். ஏறிய சூடு 97 டிகிரி. அதில் 70 விழுக்காட்டை இன்டர்கூலர் இறக்கினால் எஞ்சினுக்குப் போவது 62 டிகிரிக் காற்று. 80 விழுக்காட்டை இறக்கும் நல்ல கோர் (காற்று ஆறும் நடுப்பகுதி) என்றால் 52 டிகிரி. இரண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரி. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு கூடும், அவ்வளவுதான். எஸ்14 டர்போவுக்கு நிசான் சொன்ன கணக்கு 220 குதிரைசக்தி. அதில் 3 விழுக்காடு என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் இருக்கையில் முதுகு ஒட்டும் என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

பலன் தெரிவது முதல் ஓட்டத்தில் இல்லை, ஐந்தாவது ஓட்டத்தில். ஜெலாப்பாங் தாண்டி மெனோரா குகைக்கு ஏறும் மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து பூஸ்டில் ஏறினால் ஓரத்தில் இருக்கும் சின்ன கோர் ஊறிப்போகும். சூடு உள்ளே தங்கிவிட்டால் அது இன்டர்கூலர் இல்லை, அடுப்புக்கல். காற்று சூடானால் எஞ்சின் தட்டும் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும்), கம்ப்யூட்டர் தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், அடிவாரத்தில் இருந்த காடி உச்சியில் வேறு காடி மாதிரி இருக்கும். பெரிய கோர் அந்த வித்தியாசத்தைக் குறைக்கும். அடிக்கடி மலை ஏறுகிறவர், செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர் போடலாம். பசார் மாலாம் இரவுச் சந்தைக்கு ஓட்டிப் போகிறவருக்கு ஒரிஜினலே போதும்.

‘லேக்’, அதாவது மிதித்ததும் பூஸ்ட் வர ஆகும் தாமதம், கூடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பைப்பும் கோரும் சேர்ந்து பத்து லிட்டர் கூடினாலும், 4,000 சுற்றில் 2 லிட்டர் எஞ்சின் நொடிக்கு 60 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கிறது. நிரம்புவதற்கு நொடியில் ஒரு துண்டு நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். இன்டர்கூலர் போட்ட பிறகு பூஸ்ட் மந்தம் என்று வருகிற காடிகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் எங்கேயோ காற்று ஒழுகும். அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

புரோட்டோன் வீரா காடியில் டர்போ எஞ்சின். முன்னால் இன்டர்கூலர் போட்டதிலிருந்து மூன்றாவது கியரில் மிதித்தால் ‘டப்’ என்று ஹோஸ் கழன்றுவிடுகிறது. கிளாம்பை எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை. (சித்தியவான்)

முறுக்குவதை நிறுத்துங்கள். அலுமினியப் பைப் வாய் கோணிப்போனால் பிறகு எந்தக் கிளாம்பும் பிடிக்காது.

இதே புகாரோடு ஒரு வீரா என்னிடம் வந்தது. அந்தத் தம்பி நாலு ஹோஸ் மாற்றிவிட்டார். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே கிளட்சை மெல்ல விடச் சொன்னேன். எஞ்சின் இரண்டு விரற்கடை பின்னால் சாய்ந்து திரும்பி வந்தது. எஞ்சினைப் பாடியில் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்து போயிருந்தது. பைப்பின் ஒரு முனை எஞ்சினில், மறுமுனை பாடியில். எஞ்சின் சாயும்போதெல்லாம் ஹோஸை ஆள் வைத்து இழுத்த மாதிரிதான். மவுண்டிங்கை மாற்றி, நடுவில் ஒரு புடைப்பு உள்ள ஹோஸ் போட்டேன். வளைந்து கொடுப்பதற்குத்தான் அந்தப் புடைப்பு.

மவுண்டிங் நன்றாக இருந்தால் பைப் முனையைத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் வளையம் மாதிரி ஒரு மேடு இருக்க வேண்டும். மலிவு செட்டுகளில் அறுத்த பைப்பை அப்படியே வழவழவென்று கொடுத்துவிடுகிறார்கள். மேடு இல்லையென்றால் வெல்டிங் கடையில் முனையைச் சுற்றி நாலைந்து பொட்டு வைத்து, விளிம்பை அராவித் தரச் சொல்லுங்கள். கிளாம்ப் அந்த மேட்டுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. திருகாணிப் பட்டைக் கிளாம்பைத் தூக்கிப்போட்டு டி-போல்ட் கிளாம்ப் வாங்குங்கள். மாட்டும் முன் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்து, உள்ளே கொஞ்சம் ஹேர்ஸ்பிரே அடியுங்கள். ஈரத்தில் வழுக்கி ஏறும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். சிரிக்காதீர்கள், பல பட்டறைகளில் கருவிப் பெட்டியில் ஒரு டின் இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒழுக்குச் சோதனை செய்யாமல் ரோட்டில் இறக்காதீர்கள். பி.வி.சி. பைப் மூடியில் ஓட்டை போட்டு டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். டர்போவின் வாயில், அதாவது காற்றளவு மீட்டருக்கு அப்பால், ஹோஸ் வைத்து அதை இறுக்குங்கள். எஞ்சின் மூச்சுக்குழாயைத் தனியாகக் கழற்றி அடைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் அடிக்கும் காற்று எஞ்சினின் கிராங்க் கேஸுக்குள் போய் எண்ணெய் சீல்களைத் தள்ளும். கம்ப்ரஸர் காற்றை மெல்ல விட்டு 1 பார் வரை ஏற்றுங்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தில்தான் உங்கள் குதிரைகள் ஓடிப்போகின்றன.

ஸ்டார்லெட் கிளான்சாவில் மேலிருந்த இன்டர்கூலரை எடுத்து முன்னால் போட்டோம். இப்போது ஜேமில் நின்றால் ஏர்கான் சூடாக வருகிறது, டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது. (கிள்ளான்)

பம்பர் வழியாக நுழையும் காற்று இப்போது முதலில் இன்டர்கூலர், அப்புறம் ஏர்கான் கண்டென்சர், கடைசியில் ரேடியேட்டர் என்று மூன்று வாசல் தாண்ட வேண்டும். மூன்றாவது ஆளுக்கு எச்சில் காற்றுதான் கிடைக்கும். காற்றும் சோம்பேறி. பக்கத்தில் ஒரு இடுக்கு இருந்தால் மூன்றையும் விட்டுவிட்டு அப்படியே நழுவிவிடும்.

பம்பரைக் கழற்றாமல் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இன்டர்கூலருக்கு மேலேயும் பக்கத்திலும் கை நுழைகிற இடைவெளி தெரிகிறதா? அதை அலுமினியத் தகடோ கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக்கோ வைத்து அடைத்து, ஓரங்களில் ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். பம்பர் வாயில் நுழைந்த காற்றுக்கு கோரைத் தவிர வேறு வழி இருக்கக்கூடாது. ரேடியேட்டரின் பக்கவாட்டையும் அப்படியே அடையுங்கள். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகாத வேலை. பட்டறைகள் இதைச் செய்யாததற்குக் காரணம், போட்டோவில் இது தெரியாது.

ஆனால் உங்கள் தொல்லை நின்றிருக்கும்போது வருகிறது. நிற்கும் காடிக்கு ஃபேன்தான் காற்று. ஃபேன் இரண்டும் சரியான திசையில் சுற்றுகிறதா, உறை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மேல் ஒரு தாளை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் சரி என்றால் கோரின் தடிமனைக் கேளுங்கள். 76 மில்லிமீட்டர் ‘பார் அண்ட் பிளேட்’ கோரை 1.3 லிட்டர் எஞ்சினுக்கு முன்னால் வைப்பது வாசலில் சுவர் எழுப்புகிற வேலை. அந்த வகைக் கனமான கோர் ஊறிப்போக நேரம் எடுக்கும், உண்மைதான். ஆனால் பின்னால் இருப்பவருக்குக் காற்று விடாது. உங்கள் காடிக்கு மெல்லிய ‘டியூப் அண்ட் ஃபின்’ போதும்.

ஆப்கட் கடையில் (பாதியாக அறுத்து வரும் பழைய காடிகளின் சாமான் கடை) பழைய ஒரிஜினல் கோர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கூலிம்)

வாங்கலாம். ஜப்பான் தொழிற்சாலைக் கோர் பல புது மலிவுக் கோரைவிட நல்லது. ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கடையில் அப்படி ஒன்று வாங்கி, வெளியே பளபளவென்று கழுவி, ஒரு வாடிக்கையாளர் காடியில் மாட்டினேன். இரண்டாம் நாள் எஞ்சினில் சத்தம். ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் தலையில் ஊசியால் குத்தின மாதிரி பொட்டுப் பொட்டாகத் தழும்பு. அந்தக் கோர் முன்பு இருந்த காடியில் டர்போ உடைந்திருக்கிறது. கம்ப்ரஸர் இறக்கையின் தூள் கோருக்குள் எண்ணெயில் ஒட்டிக் காத்திருந்திருக்கிறது. எஞ்சின் செலவு என் தலையில்.

அன்றிலிருந்து பழைய கோர் எது வந்தாலும் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு வாயையும் அடைத்து, குலுக்கி, வெள்ளைத் துணியில் வடிக்கிறேன். வெயிலில் துணி மின்னினால் அந்தக் கோர் பழைய இரும்புக்காரருக்கு. மின்னாவிட்டால் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, லேசாகக் காற்றடித்து ஓட்டை பார்ப்பேன். பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்டுவேன்.

புளோ-ஆஃப் வால்வு வெளியே ஊதுகிற மாதிரி மாற்றினேன். சத்தம் சூப்பர். ஆனால் சிக்னலில் கால் எடுத்தால் எஞ்சின் செத்துவிடுகிறது. (தைப்பிங்)

கால் எடுத்ததும் மிஞ்சும் பூஸ்ட் காற்றை வெளியேற்றுவதுதான் அந்த வால்வு. உங்கள் காடியில் காற்றளவு மீட்டர் உண்டு. உள்ளே போன காற்றை அது எண்ணிவிட்டது, அந்தக் கணக்குக்கு எஞ்சின் பெட்ரோல் ஊற்றிவிட்டது. நீங்கள் காற்றை வெளியே ஊதிவிட்டீர்கள். பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, எஞ்சின் மூச்சு முட்டிச் சாகிறது. ஊதும் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பி விடுங்கள். சத்தம் போய்விடும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அழுத்த சென்சார் மட்டும் வைத்துக் கணக்குப் போடும் கிளான்சா போன்ற காடிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். வைத்திருக்கிறேன். மேலேயே இன்டர்கூலரை விட்டுவிட்டு தண்ணீர் ஸ்பிரே போட்டால் போதாதா? (சிரம்பான்)

சுபாருவும் மிட்சுபிஷியும் தங்கள் எஸ்.டி.ஐ., எவோ காடிகளில் ஸ்பிரே கொடுத்திருக்கிறார்கள், புது யோசனை இல்லை. தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூட்டை எடுக்கிறது. மழைக்கு முந்தின நம் புழுக்கத்தில் துவைத்த சட்டையே காயாது. ஸ்பிரேயும் உலர்ந்த நாட்டில் செய்கிற அளவுக்குச் செய்யாது. ஆனாலும் எஞ்சின் மேலேயே உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கும் கோருக்கு ஸ்பிரே உதவும். 1 பாருக்குக் கீழே ஓட்டுகிறீர்கள் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பானெட் மேல் காற்று நுழையும் மூக்குக்கும் கோருக்கும் நடுவில் உள்ள ரப்பர் உறை பிய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

என் மகன் காடிக்கு இன்டர்கூலர் போட 2,000 வெள்ளி கேட்கிறான். பம்பரை அறுக்க வேண்டுமாம். கொடுக்கலாமா ஐயா? (சுங்கை பட்டாணி, ஒரு அம்மா)

அம்மா, கொடுப்பது உங்கள் வீட்டு விஷயம். மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அறுக்கப்போவது வெளி பிளாஸ்டிக்கையா, உள்ளே குறுக்கே போகும் இரும்புக் கட்டையையா? பிளாஸ்டிக் என்றால் அழகுக் கேள்வி. இரும்பு என்றால், முன்னால் போய் மோதும்போது அடியை முதலில் வாங்குவது அதுதான். அதை அறுக்கச் சொன்னால் என் பட்டறையில் முடியாது என்றுதான் சொல்வேன். கட்டையைத் தொடாமல் கீழே உட்காரும் அளவில் கோர் கிடைக்கும். எஞ்சின் மாற்றிய காடியா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரத்தில்) உள்ள எஞ்சின் எண்ணும் பானெட்டுக்குள் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் அந்தப் பணம் முதலில் புஸ்பகோம் வாகனப் பரிசோதனைக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பதிவுக்கும் போகட்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

கோருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் கெடுமா? பைப்பில் எண்ணெய் தெரிகிறது, பயப்படலாமா? (ஒரே ஆள், இரண்டு கேள்வி, பத்துகாஜா)

மெல்லிசாக ஒரு பூச்சு கெடுக்காது. ஃபின்களின் (கோரில் உள்ள மெல்லிய தகடுகள்) இடுக்குகள் அடைகிற அளவுக்குக் கெட்டியாக அடிக்காதீர்கள். விரலில் ஒட்டும் அளவு எண்ணெய் சகஜம். கவிழ்த்தால் ஊற்றும் அளவு என்றால் டர்போ சீலையும், எண்ணெய் திரும்பும் குழாயையும், மூச்சுக்குழாயையும் பாருங்கள்.

தோட்டத்து மண்ரோட்டில் தினமும் போகிறேன். கோர் முழுக்கச் செம்மண். (நம் ஊர்தான், எல்பில் பக்கம்)

உங்கள் காடியைப் பார்த்திருக்கிறேன். லாரிக்குப் பின்னால் ஒட்டி ஓட்டாதீர்கள். உதிரும் செம்பனைப் பழம் ஒன்று போதும், ஃபின் வரிசையே மடிந்துவிடும். முன்னால் அகலக் கண் உள்ள வலை போடுங்கள், கொசுவலை வேண்டாம். கழுவும்போது பிரஷர் ஜெட்டை நேராகப் பிடித்து அடித்தால் ஃபின்கள் நெல்கதிர் மாதிரி சாய்ந்துவிடும். பம்பரைக் கழற்றி, சாதாரணத் தோட்டக் குழாயைப் பின்பக்கமிருந்து விடுங்கள், வந்த வழியே மண் வெளியேறும். மடிந்த ஃபின்களை நிமிர்த்த வீட்டில் பழைய பேன்சீப்பு இருந்தால் எடுத்து வையுங்கள். சனிக்கிழமை காடியைக் கொண்டு வாருங்கள், பட்டறையிலேயே பார்த்துவிடலாம்.